அவள் கட்டியிருந்த அதே சேலை வேண்டுமா?

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். தோழி தூணோரம் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருப்பாள். கத்தரிப்பூ நிற உடல், அரக்குக் கரை, தோளில் இருந்து இறங்கும் முந்தியில் அடர்ந்த ஜரிகை. "எங்கடி எடுத்தே?" என்று கேட்டால் "காஞ்சிபுரத்துல" என்பாள். இல்லையென்றால் "அத்தை எடுத்துக் கொடுத்தாங்க" என்பாள். இந்தப் பதிலை நம்பிக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கடை ஏறி இறங்கினால் மாலைக்குள் கால் வலிதான் மிஞ்சும். "கத்தரிப்பூவில் அரக்குக் கரை" என்று கேட்டால் எந்தக் கடையிலும் இருபது சேலை விரிப்பார்கள். இருபதும் அழகாக இருக்கும். ஒன்றுகூட அதுவாக இருக்காது.

ஒரு சேலையைத் தேடிப் பிடிக்கக் கடைப் பெயர் பாதிதான் உதவும். மீதியைச் சேலையே சொல்லும், அதுவும் பின்பக்கம் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தால், தேட வேண்டிய ஊர் எது, தேடினால் கிடைக்குமா, நெய்யத்தான் சொல்ல வேண்டுமா என்பது வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும்.

முதலில் "அதே சேலை" என்பது எந்த அளவுக்குச் சாத்தியம் என்று பார்த்துவிடலாம். பட்டுத் தறியில் ஒரு பாவு ஏற்றினால் பொதுவாக மூன்று சேலை இறங்கும். நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே, இழையைச் சுமந்து ஓரத்துக்கு ஓரம் போய்வரும் நாடாவில் ஓடுவது ஊடை. ஒரே பாவில் ஊடையின் நிறத்தை மாற்றினால் மூன்று சேலையும் மூன்று நிறமாகிவிடும். ஆகவே கைத்தறிப் பட்டில் உங்கள் தோழியின் சேலைக்கு அச்சு அசலான ஜோடி உலகத்திலேயே இரண்டு இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். ஆனால் கரைக்கும் முந்திக்கும் உரிய டிசைன், துளையிட்ட ஜக்கார்ட் அட்டையாகவோ கணினிக் கோப்பாகவோ நெசவாளரிடம் இருக்கும். அதை வைத்துத் திரும்ப நெய்ய முடியும். விசைத்தறிச் சேலையும் அச்சுப் போட்ட சேலையும் வேறு கதை. அவை ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கில் வரும். அங்கே தேடினால் கிடைக்கும், ஆனால் சரக்கு தீரும் முன் தேட வேண்டும். எனவே தோழியின் சேலை இந்த இரண்டில் எந்த வகை என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

தோழியிடம் என்ன கேட்பது

"எங்கே வாங்கினாய்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வருடம், எந்தப் பண்டிகைக்கு, யார் எடுத்தது, பில் இருக்கிறதா, சேலை வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டுச் சேலைப் பெட்டியைத் தூக்கிப் போடும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. பீரோ மேல்தட்டில் இருக்கும். அதற்குள் விலைச்சீட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. சீட்டில் விலைக்கு மேலோ கீழோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். பல கடைகளில் அதை வைத்து எந்த நெசவாளரிடம், எந்த லாட்டில் வந்த சரக்கு என்று பார்த்துச் சொல்வார்கள். கோ-ஆப்டெக்ஸில் எடுத்த சேலை என்றால் உள்ளே நெசவாளரின் படமும் பெயரும் போட்ட அட்டை இருந்தாலும் இருக்கும். அது கிடைத்தால் பத்திரமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கியிருந்தால் இன்னும் எளிது. ஆர்டர் உறுதி செய்த மின்னஞ்சலில் பொருள் குறியீடு இருக்கும். விற்றுத் தீர்ந்த பிறகும் பல தளங்களில் அந்தப் பக்கம் அப்படியே கிடக்கும். படத்தோடு குறியீட்டையும் அனுப்பி "இதே டிசைன் திரும்ப வருமா, எந்த நிறங்களில் வரும்" என்று கேட்டால் ஒழுங்கான கடைக்காரர்கள் பதில் சொல்வார்கள்.

முத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றைக் குழப்பிக்கொண்டு ஏமாறுபவர்கள் நிறையப் பேர். சில்க் மார்க் சீட்டு மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-இல் வந்தது. பட்டு நூல் அசல் என்பதை மட்டும்தான் அது சொல்லும். கைத்தறியா, காஞ்சிபுரமா, ஜரிகை வெள்ளியா என்ற எதற்கும் அது சாட்சி இல்லை. கைத்தறி முத்திரை கையால் நெய்தது என்று சொல்லும்; நூல் பட்டா பருத்தியா என்பது அதன் வேலை இல்லை. புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும். மதுரை சுங்குடி, காஞ்சிபுரம் பட்டு, ஆரணிப் பட்டு, சேலம் வெண்பட்டு, கோவை கோரா காட்டன் என்று தமிழ்நாட்டுச் சேலைகள் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன. திருபுவனம் பட்டும் காரைக்குடிக் கண்டாங்கியும் 2019-இல் சேர்ந்தன. தோழியின் பெட்டிக்குள் எந்தச் சீட்டு இருக்கிறதோ, அது சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும் முறை

கட்டியிருக்கும்போது எடுத்த படம் ஆசையைத்தான் வளர்க்கும், தேட உதவாது. அவள் வீட்டுக்குப் போகும்போது பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். காலை பத்து மணி வாக்கில், வெயில் நேராக விழாத திண்ணையிலோ ஜன்னல் பக்கத்திலோ பாயை விரித்து அதன்மேல் சேலையைப் போடுங்கள். மின்விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சேலை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் பத்து ரூபாய் நாணயத்தையும் வையுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் சேலை நிறம் நம்பத் தகுந்தது. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். கரை எவ்வளவு அகலம், புட்டா எவ்வளவு பெரிது என்பதைப் படத்திலிருந்தே பிறகு கணக்கிடலாம்.

முந்தியை முழுதாக விரித்து ஒன்று, கரையை நேர் மேலிருந்து ஒன்று, உடல் ஒரு முழம் அகலத்துக்கு ஒன்று. அப்புறம் சேலையைத் திருப்பிப் போட்டு அதே மூன்று. கடைசியாக உடலும் கரையும் சேரும் இடத்தைப் பின்பக்கத்தில் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி ஒன்று. இந்த ஏழாவது படத்தை யாரும் எடுப்பதில்லை. நெசவாளரிடம் காட்டும்போது அவர் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.

பின்பக்கம் சொல்லும் சேதி

உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்ற சேலையை இரண்டு விதமாக நெய்யலாம். ஒன்றில் கரைப் பாவை மட்டும் வேறு நிறத்தில் போட்டு, ஊடையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நூலாக ஓட்டுவார்கள். அப்போது உடலின் ஊடை கரைக்குள்ளும் போகும். மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை போட்டால், கரைக்குள் மஞ்சள் ஊடையும் கலந்து அரக்கு கொஞ்சம் மங்கிச் செங்கல் பக்கம் சாயும். இன்னொன்று கோர்வை. அதில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடா. உடலின் ஊடை கரை தொடங்கும் இடத்தில் கரையின் ஊடையைக் கோத்துக்கொண்டு திரும்பிவிடும். மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும், அரக்கு அரக்காகவே நிற்கும். பின்பக்கம் திருப்பி அந்தச் சேர்மானத்தின்மேல் நகத்தை ஓட்டுங்கள். சன்னமான ஒரு வரப்பு தட்டுப்படும். தறியில் ஒருவர் அமர்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்து உருவாகும் வரப்பு அது. கரையிலிருந்து உடலுக்குள் கோபுரம் கோபுரமாக ஏறும் ரேக்கு வேலையும் இந்தச் சேர்மானத்தில்தான் பிறக்கிறது.

தோழியின் சேலையில் கோர்வை இருந்தால் உங்கள் தேடல் உடனே சுருங்கிவிடும். சாதாரண விசைத்தறியில் கோர்வை வராது. கைத்தறிக் கடைகளில் மட்டும் தேடினால் போதும், விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். மூவாயிரம் ரூபாய்க்கு வெள்ளி ஜரிகையில் கோர்வைப் பட்டு என்று யாராவது சொன்னால் மேலே பேச வேண்டாம்.

அடுத்து முந்தி. முந்தியின் நிறம் உடலோடு கலக்காமல் சுத்தமாகத் தனித்து நிற்கிறதென்றால் அங்கே பாவையே மாற்றியிருக்கிறார்கள். உடலின் பாவு நூலோடு முந்தியின் பாவு நூலைச் சேர்த்து நெய்து பிறகு உபரியை வெட்டிவிடும் வேலை இது, பெட்னி என்பார்கள். உடலும் முந்தியும் சேரும் இடத்தில் குறுக்கே தடித்த ஒரு கோடு இருக்கும், கண்ணை மூடித் தடவினாலும் தெரியும். கோர்வையும் பெட்னியும் இரண்டும் இருந்தால் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறலாம். முந்தி நிறம் உடல் நிறத்தோடு கலங்கித் தெரிந்தால் பெட்னி இல்லை. அதனால் சேலை மட்டம் என்று அர்த்தமில்லை. நெசவு முறை வேறு, விலை குறைவு, அவ்வளவுதான்.

நீள ஓரத்தையும் பாருங்கள். ஊடை நூல் ஓரத்தில் மடங்கித் திரும்பி வருகிறதா, அல்லது வெட்டிவிட்ட பிசிறு கொத்தாக நிற்கிறதா? பிசிறு நின்றால் அது நாடா இல்லாத நவீன விசைத்தறிச் சேலை. மடங்கித் திரும்பினால் கைத்தறி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், நாடா ஓடும் விசைத்தறியிலும் அப்படித்தான் வரும். கைத்தறிக்கென்று சில சேலை வகைகளை ஒதுக்கி 1985-இல் சட்டமே இருக்கிறது. இருந்தும் விசைத்தறி நகல்கள் சந்தையில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த வருத்தம் நெசவாளர் தெருக்களில் இன்றும் ஆறவில்லை.

ஜரிகையைச் சோதிக்க, முந்தியின் பின்பக்கத்தில் தொங்கும் இழை ஒன்றை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அசல் ஜரிகைக்குள் சிவப்புப் பட்டு நூல் இருக்கும். வெள்ளை நூலோ பிளாஸ்டிக் பட்டையோ வந்தால் அது வேறு ஜரிகை. ஒரு தோற்றத்தை மட்டும் விரும்புகிறவர்களுக்கு அதுவே போதும். கடையில் கேட்கும்போது "அசல் ஜரிகை"யா, அதைவிட மலிவான "ஹாஃப் ஃபைன்", "டெஸ்டட்" வகைகளா, எது வேண்டும் என்பதைச் சொல்ல இது உதவும். ஒரே டிசைனுக்கு மூன்றிலும் மூன்று விலை.

நூல் என்னவென்று தெரியாவிட்டால், ரவிக்கையின் உள்தையலில் இருந்து ஒரே ஒரு இழையை எடுத்துத் தீயில் காட்டுங்கள். பட்டு மெல்லக் கருகும், முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் கெட்டியாகிவிடும். பருத்தி காகிதம் எரியும் வாடையில் எரிந்து சாம்பலாகும். விஸ்கோஸும் அப்படித்தான் என்பதால் இந்த இரண்டையும் தீ பிரித்துக் காட்டாது.

நிறம் என்னும் பெரிய தலைவலி

தேடல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மெஜந்தா, கத்தரிப்பூ, மயில்கழுத்து மூன்றும் போன் கேமராவில் நிலையாக நிற்காத நிறங்கள். அனுப்பியவரின் போனில் ஒன்றாகவும் வாங்கியவரின் போனில் ஒன்றாகவும் தெரியும். படத்தைக் காட்டி நிறம் சொன்னால் ஏமாற்றம் நிச்சயம். நூலைக் காட்டுங்கள்.

நூல் எங்கே கிடைக்கும்? தோழியின் ரவிக்கையைத் திருப்பினால் உள்ளே பக்கவாட்டுத் தையலில் அரை அங்குலம், ஒரு அங்குலம் துணி மடிந்து இருக்கும். வெயிலும் வேர்வையும் அதிகம் படாத துணி அது. சேலை வாங்கிய அன்றைய நிறம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தையல்காரரிடம் மிச்ச வெட்டுத்துணி கிடந்தால் இன்னும் நல்லது. ஒரு பட்டாணி அளவு துண்டு போதும். அதிலிருந்து நீளவாக்கில் நாலு இழை, குறுக்குவாக்கில் நாலு இழை பிரித்து வெள்ளை அட்டையில் தனித்தனியாக ஒட்டி, இது பாவு, இது ஊடை என்று எழுதிவிடுங்கள்.

ஏன் இரண்டும் வேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரியும் நிறம் பல சேலைகளில் எந்த நூலிலும் இல்லை. மயில்கழுத்து நிறத்துக்கு என்று ஒரு நூல் கிடையாது. நீலப் பாவும் பச்சை ஊடையும் பின்னி, மடிப்பு திரும்பும்போது ஒன்று ஏறி ஒன்று இறங்கும் வேடிக்கை அது. ஒரே ஒரு இழையை எடுத்துக்கொண்டு போனால் வெறும் நீலச் சேலையோ வெறும் பச்சைச் சேலையோதான் வீடு வந்து சேரும். ரவிக்கைத் துணி எதிர்நிறத்தில் இருந்தாலும் கவனம் தேவை. அங்கே ஊடை மாறியிருக்கும், பாவு மட்டும் உடலினுடையதாக இருக்கும். அப்படியென்றால் உடலின் ஊடையைச் சேலையின் உள்முனையில், கொசுவத்துக்கும் முன்னால் இடுப்பில் செருகும் பக்கத்தில், மடித்துத் தைத்த விளிம்புக்குள் தேட வேண்டும். முந்தியின் குஞ்சத்தில் இருந்து எடுக்கலாமே என்று தோன்றும். பெட்னி போட்ட சேலையில் குஞ்சத்தில் இருப்பது முந்தியின் பாவு, உடலினுடையது இல்லை.

பழைய சேலை என்றால் ஃபால்ஸுக்கு அடியில் பாருங்கள். ஃபால்ஸ் மூடியிருந்த இடமும் வெளியே இருந்த இடமும் இரண்டு நிறமாக இருக்கும். உங்களுக்குப் பிடித்தது இதில் எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். சிலருக்குப் பிடித்துப் போனது இருபது வருடம் கட்டிக் கட்டி வந்த அந்த வெளிறல்தான். புதுச் சாயத்தில் அதைக் கேட்டால் சாயக்காரர் இரண்டு மூன்று சாயல் கீழே இறக்கிப் போட்டுத் தருவார். பழசின் மென்மை மட்டும் அவர் கையில் இல்லை.

பெயர் தெரிந்தால் பாதி வழி

கடைக்காரரிடம் "புள்ளி புள்ளியாக இருக்கும்" என்று சொல்வதற்கும் "மயில்கண்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். வட்டத்துக்குள் புள்ளி இருந்தால் மயில்கண். மணிபோல் முள்முள்ளாக உருண்டிருந்தால் ருத்ராட்சம். கரையில் அலை மடிந்து மடிந்து போனால் வங்கி. உடல் முழுக்க ஊசி மெல்லிய ஜரிகைக் கோடுகள் நீளவாக்கில் ஓடினால் வைரஊசி. நீண்டு கூர்மையாக ஏறும் முக்கோணங்கள் தாழம்பூ ரேக்கு. இரண்டு கரையும் இரண்டு நிறமாக இருந்தால் கங்கா ஜமுனா. அன்னப்பட்சி, யாளி, இருதலைப்பட்சி, மாங்காய், மல்லிமொக்கு எல்லாம் பெயரிலேயே தெரியும். நிறத்துக்கும் அப்படித்தான். எம்.எஸ். அம்மாவின் பெயரிலேயே ஒரு நீலம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. "எம்.எஸ். ப்ளூ" என்றால் கடையில் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். அதையே "கொஞ்சம் கருநீலம், கொஞ்சம் பச்சை கலந்தாற்போல" என்று விளக்கினால் அரைநாள் போய்விடும்.

பருத்தியில் ஊர்ப்பெயரே அடையாளம். தடித்த நூல், பெரிய கட்டம், மஞ்சளும் அரக்கும் கறுப்பும், அகலக் கரை என்றால் காரைக்குடிக் கண்டாங்கி. பொள்ளாச்சி பக்கத்து நெகமம் சேலை அதைவிட மென்மை. புள்ளிகள் ஒன்றுக்கொன்று சற்றே பெரிதும் சிறிதுமாக, பின்பக்கமும் அதே அழுத்தத்தில் தெரிந்தால் கையால் முடிச்சுப் போட்ட மதுரை சுங்குடி. எல்லாப் புள்ளியும் ஒரே அளவாகப் பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சுச் சுங்குடி, சின்னாளப்பட்டியிலும் மதுரை விளக்குத்தூண் பக்கத்திலும் ஏராளமாகக் கிடைக்கும். பட்டும் பருத்தியும் கலந்து மொடமொடவென்று இருந்தால் கோரா. மென்பட்டு என்றால் சிறுமுகைப் பக்கம் விசாரிக்கலாம். "சாஃப்ட் சில்க்" என்று இணையத்தில் குறைந்த விலைக்கு வருவதில் பெரும்பகுதி சேலம் அருகே இளம்பிள்ளைச் சரக்கு. அது தெரிந்தே வாங்குங்கள், நன்றாகத்தான் இருக்கும். விசிறி மடிப்பில் மடித்து வந்த பட்டு என்று தோழி சொன்னால் கும்பகோணம் பக்கத்துத் திருபுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலம் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம். உடலில் எந்த வேலைப்பாடும் இல்லாமல் சின்ன ஜரிகைக் கரை மட்டும் என்றால் மங்களகிரி. பருத்தி உடலில் பட்டுக் கரையும் பட்டு முந்தியும் இணைத்திருந்தால் கத்வால். உருவங்களின் ஓரம் கலங்கினாற்போல் இருந்தால் நூலையே கட்டிச் சாயம் போட்ட போச்சம்பள்ளியோ சம்பல்பூரியோ. கண்ணாடிபோல் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிந்தால் கோட்டா.

இணையத்தில் தேடும்போது

முழுப் படத்தைக் கொடுத்துத் தேடினால் கூகுள் லென்ஸ் உங்கள் தோழி நிற்கும் மண்டபத்தையும் பூ அலங்காரத்தையும் சேர்த்துப் பார்க்கும். கரையில் டிசைன் ஒருமுறை முழுதாக வரும் அளவுக்கு வெட்டிக் கொடுங்கள். அடுத்து முந்தியின் நடு உருவத்தை மட்டும். ஒவ்வொரு முறையும் கூடவே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். கடைக்காரர்கள் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் விதவிதமாக எழுதுவார்கள். கண்டாங்கிக்கு மூன்று எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பாருங்கள், "செட்டிநாடு காட்டன்" என்றும் தேடுங்கள்.

ஒரே படம் பத்து இருபது தளங்களில் பத்து இருபது விலையில் தெரிந்தால், அது மொத்த வியாபாரியின் கேட்டலாக் படம். பல சமயம் அசலான ஒரு கைத்தறிச் சேலையைப் படம் எடுத்துவிட்டு அதன் அச்சு நகலை அனுப்புவார்கள். பணம் கட்டும் முன் பகல் வெளிச்சத்தில், பின்பக்கமும் தெரியும்படி அரை நிமிட வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடலாம். லிச்சி சில்க், ஆர்ட் சில்க், செமி சில்க் என்று பெயரில் மட்டும் சில்க் இருப்பவற்றில் பெரும்பாலும் பட்டு நூல் கிடையாது.

இதற்கெல்லாம் முன்பு ஒரு காரியம் செய்துவிடுவது நல்லது: தோழியின் சேலையை ஒருமுறை வாங்கிக் கட்டிக் கண்ணாடியில் பாருங்கள். அவள் உயரத்துக்கு ஆறு அங்குலக் கரை எடுப்பாக இருக்கும், உங்களுக்கு நாலு அங்குலம்தான் பொருந்தும் என்பது அப்போதுதான் தெரியும். பருத்திச் சேலை என்றால் உங்களைக் கவர்ந்தது சேலையா கஞ்சியா என்றும் பாருங்கள். கண்டாங்கி விறைப்பாக நிற்பது கஞ்சியால்தான். இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலந்து முக்கி எடுத்து, நிழலில் காய வைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டால் உங்கள் பீரோவில் ஏற்கெனவே இருக்கும் சேலையே அப்படி நிற்கும்.

நெய்யச் சொல்வது

தேடியும் கிடைக்கவில்லை, அல்லது கைத்தறிதான் என்று உறுதியாகிவிட்டது என்றால் நெய்யக் கொடுப்பதே நேர்வழி. கூட்டுறவுச் சங்கங்களிலும், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறி வைத்திருக்கும் குடும்பங்களிலும் விசாரிக்கலாம். டிசைனையும் ஜரிகையையும் பற்றிச் சந்தேகம் என்றால் காஞ்சிபுரம், சென்னை, சேலத்தில் நெசவாளர் சேவை மையங்கள் இருக்கின்றன.

ஒரு சேலைக்காகப் பாவு ஏற்ற யாரும் சம்மதிக்கத் தயங்குவார்கள். சாயத்துக்கும் பாவு ஓட்டவும் ஆகும் செலவு ஒன்றானாலும் மூன்றானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தங்கை, அண்ணி, இன்னொரு தோழி என்று மூன்று பேர் சேர்ந்தால் ஒரு பாவு நிறைந்துவிடும். பாவு ஒன்றாக இருக்க, ஊடையை மட்டும் மாற்றி ஆளுக்கொரு நிறம் எடுத்துக்கொள்ளலாம். எந்த நிறத்தோடு எது சேர்ந்தால் என்ன வரும் என்று நெசவாளரிடமே கேளுங்கள். "அண்ணே, இந்தப் பாவுக்கு எந்த ஊடை எடுக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் நூல் கட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக் காட்டுவதைப் பார்த்தால், அட்டையில் நாம் ஒட்டிக்கொண்டு போனது எவ்வளவு உதவும் என்று புரியும்.

வாய்ச்சொல்லில் விடாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். பாவு நூல், ஊடை நூல், கரையின் பாவும் ஊடையும், நான்குக்கும் இழை ஒட்டிய அட்டை. கரை அகலம் இரண்டு பக்கமும் எத்தனை அங்குலம். கோர்வை உண்டா, பெட்னி உண்டா. முந்தி நீளம். ஜரிகை எது. ரவிக்கைத் துணி உடல் நிறமா கரை நிறமா. சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கை 80 சென்டிமீட்டர் சேர்த்து மொத்தம் 6.3 மீட்டர். அகலம் சாதாரணமாக 46 முதல் 48 அங்குலம். நீங்கள் உயரமென்றால் முன்பே சொல்ல வேண்டும், பாவு ஏற்றிய பிறகு அகலத்தைக் கூட்ட முடியாது. கட்டம் போட்ட சேலை என்றால் ஒரு கட்டத்தின் அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள். "சின்னக் கட்டம்" என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

சாயம் போட்டதும், நெய்யத் தொடங்கும் முன், சாயமேற்றிய நூலில் நாலு இழை கேட்டு வாங்குங்கள். அல்லது நேரில் போய்ப் பாருங்கள். தவறு நடந்தால் திருத்த வழியுள்ள கடைசிக் கட்டம் இதுதான். எளிய சேலை பத்துப் பதினைந்து நாளில் தறியிலிருந்து இறங்கும். கனத்த கோர்வையும் பெட்னியும் என்றால் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பாவு தயாராகும் நாட்கள் இதில் சேராது. மழைக்காலத்தில் பாவு விரித்துக் காயவைக்க முடியாமல் வேலை நின்றுபோகும், ஆடி முடிந்து முகூர்த்தம் நெருங்கினால் எல்லாத் தறியும் நிறைந்திருக்கும். கார்த்திகைக் கல்யாணத்துக்கு வேண்டுமென்றால் ஆனியிலேயே சொல்லிவிடுங்கள்.

சேலை கைக்கு வந்ததும் அதே திண்ணை, அதே காலை வெளிச்சம். தோழியின் ரவிக்கைத் துண்டை மேலே வைத்துப் பாருங்கள். பின்பக்கம் திருப்பிக் கோர்வை வரப்பில் விட்டுப்போன இழை இருக்கிறதா என்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவுங்கள். கரை பிரிந்துவரும் சேலைகள் பிரியத் தொடங்குவது அங்கேதான். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து கரையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். அரக்கும் அடர்பச்சையும் சாயம் விடும் நிறங்கள். நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஃபால்ஸ் தைக்கக் கொடுங்கள். ஃபால்ஸ் தைத்த சேலையை நெசவாளரும் கடையும் திரும்ப எடுப்பதில்லை.